மலையைச் சுற்றி வீட்டுக்குப் போன லிட்டர்

உலகத்தில் பெட்ரோல் என்றைக்காவது அடியோடு தீர்ந்துபோனால், அதற்காக அரபு நாட்டு ஷேக்குகளையோ வல்லரசுகளையோ யாரும் திட்ட வேண்டாம். திருவண்ணாமலையில், வேங்கிக்காலில், லிட்டர் என்று ஒருவர் இருக்கிறார். அந்த ஒரு மனிதர் போதும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. போளூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "போவ வர பதினோரு லிட்டர்" என்பார். எங்கள் தெருவில் ஒருவருக்கும் அவர் மாமியாருக்கும் ஓயாத சண்டை. அதைப் பற்றி லிட்டரின் தீர்ப்பு இது: "மாமியார் வூடு இன்னும் ரெண்டு லிட்டர் தள்ளி இருந்திருந்தா அவன் நல்லா இருந்திருப்பான்."

நான் வங்கி வேலையில் மாற்றலாகி அந்த ஊருக்குப் போனபோது, வேங்கிக்காலில் அவர் வீட்டுக்கு எதிர் வீடு வாடகைக்குக் கிடைத்தது. அவருக்குத் தேரடி வீதியில் பாத்திரக்கடை. என் வங்கியும் அதற்குப் பக்கத்திலேயே. சேர்ந்த முதல் நாள் மாலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஜீப் என் எதிரில் வந்து நின்றது. ஏதோ அரசு இலாகா கழித்துக் கட்டி ஏலம் விட்டதை எடுத்து, லிட்டர் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். அது நின்றுகொண்டிருக்கும்போதே உடம்பெல்லாம் உதறியது.

"வேங்கிக்கால்தான? ஏறுங்க."

ஏறினேன். தேரடியிலிருந்து வேங்கிக்கால் வடக்கே பத்து நிமிஷம். ஜீப் தெற்கே போனது. செங்கம் ரோட்டைப் பிடித்தது. கடைகள் குறைந்தன, மரங்கள் வந்தன. ஆளைக் கடத்துகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னைக் கடத்தி யாருக்கு என்ன லாபம் என்று யோசித்துக் கொஞ்சம் தைரியம் அடைந்து, மெதுவாகக் கேட்டேன்.

"சார், வேங்கிக்கால் அந்தப் பக்கம் இல்ல?"

"தெரியும்பா. நான் இங்கதான் பொறந்தேன்."

விஷயம் இதுதான். திருவண்ணாமலையில் மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். வலது தோள் எப்போதும் மலைப் பக்கம் இருக்க வேண்டும். மற்ற ஜனங்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகும்போது கடைப்பிடிக்கிற இந்த வழக்கத்தை, லிட்டர் கத்தரிக்காய் வாங்கப் போகும்போதும் கடைப்பிடித்தார். காலையில் வேங்கிக்காலிலிருந்து கடைக்கு வருவது வலம், அதனால் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார். மாலையில் அதே வழியில் திரும்பினால் இடமாகிவிடும். அதனால் தெற்கே இறங்கி, மேற்கே சுற்றி, அடி அண்ணாமலை வழியாக மலையை முழுதாக ஒரு பிரதட்சிணம் செய்து வீடு வந்து சேருவார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று சொல்வார்களே, அதைத் தினமும் பெட்ரோல் போட்டுச் செய்த ஒரே மனிதர் அவர்தான்.

ஒரே ஒரு தடவை அவசரத்தில் இடமாகப் போனாராம். அன்றைக்கு ஜீப்பின் சைலன்சர் கழன்று ஒரு இட்லிக் கடைக்குள் விழுந்தது. அதிலிருந்து பயம் ஜாஸ்தியாகிவிட்டது.

ஜீப்போ ஆனையைக் கட்டித் தீனி போடுகிற கதை. ஓடினாலும் குடிக்கும், நின்றாலும் குடிக்கும். கடையில் ஒரு டம்ளரைக் கூடுதலாக விற்ற சந்தோஷத்தில் புறப்படுவார், வீடு வருவதற்குள் அந்த டம்ளரைப் போல நூறு டம்ளர் பெட்ரோல் போயிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அவர் மனைவி சகுந்தலா அக்கா அந்த ஜீப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சக்களத்தி என்றுதான் சொல்வார். "சக்களத்திய நிறுத்திட்டு சாப்பிட வரச் சொல்லு" என்று மகள் கவிதாவிடம் சொல்வது எங்கள் வீடு வரை கேட்கும்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். அன்றைக்கு லிட்டர் வீட்டுக்கே வரமாட்டார். கடையில் அண்டாக்களுக்கும் குத்துவிளக்குகளுக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். கார்த்திகை தீபம் மாதிரி விசேஷங்கள் வந்தால் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் அங்கேதான். ஒருமுறை அக்கா கேட்டுவிட்டார்: "நேர் வழியில நடந்து வரலாமே, வூட்ல ஒரு பொண்டாட்டி இருக்கான்ற நெனப்பாவது இருக்குதா?" அதற்கு லிட்டர், "நெனப்பு இருக்குது. ரோடுதான் இல்ல" என்றார்.

சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். ஒரு நாள் காலை தேரடி வரை வந்துவிட்ட பிறகு, கடைச் சாவியைக் கொஞ்ச தூரம் பின்னால் டீக்கடையிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனால் இடம். முழுதாகச் சுற்றி வந்தால் கடை திறக்க மதியமாகிவிடும். லிட்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ரிவர்ஸ் கியரைப் போட்டார். வண்டி முன்பக்கம் பார்த்தபடியே பின்னால் போக ஆரம்பித்தது. மலை அதே வலது பக்கத்தில்தான் இருந்தது. எதிரே வந்த பஸ்கள், அதாவது பின்னால் வந்த பஸ்கள், எல்லாம் ஒதுங்கி நின்றன. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓடி வந்து, "யோவ், ஒன்வேல எதுக்க வர்றியே" என்றார். "சார், நான் போற பக்கம்தான் மூஞ்சி இருக்குது. வண்டிதான் பின்னால வருது" என்றார் லிட்டர். அந்தப் போலீஸ்காரர் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வளைகுடாவில் சண்டை என்றால் எப்படி இருக்கும்? தொலைக்காட்சியில் கப்பல்களைக் காட்டினால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிடுவார். ஹார்முஸ் ஜலசந்தி எங்கே இருக்கிறது, அகலம் எவ்வளவு, யார் பக்கம் ஆழம் ஜாஸ்தி என்பதெல்லாம் அத்துபடி. சொந்தத் தம்பி வீட்டுக் கதவு எண் தெரியாது. "அங்க ஒரு கப்பல் நின்னுச்சுனா இங்க நான் நிக்கணும்பா" என்று எனக்கு விளக்குவார். என்னவோ கப்பல்காரன் இவரைக் கேட்டுத்தான் நங்கூரம் போடுகிற மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் கப்பல்கள் நிஜமாகவே நின்றன. அல்லது நிற்கப்போகின்றன என்று செய்தி வந்தது. நம் ஊரில் இரண்டும் ஒன்றுதான். மறுநாள் காலை ஊரில் உள்ள எல்லா பங்க்கிலும் வரிசை. அதற்கு மறுநாள் 'ஸ்டாக் இல்லை' என்று அட்டை தொங்கியது. ஆட்டோக்கள் பங்க் வாசலிலேயே குடியிருந்தன. மினி பஸ்கள் ஓடவில்லை.

லிட்டர் வரிசைக்குப் போனார், கையில் தன் கடையிலேயே பெரிய அண்டாவோடு. பங்க் பையன் அண்டாவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"சார், பாட்டில்லயே குடுக்கக் கூடாதுனு ஆர்டர். இதுல ஊத்துனா ரெண்டு பேரையும் புடிச்சு உள்ள போட்ருவாங்க."

"மூடி இருக்குதுப்பா. எவர்சில்வர் மூடி."

"கல்யாணத்துக்கு சாம்பார் ஊத்தற அண்டா சார் இது."

"பாதி போதும்" என்றார் லிட்டர், பெரிய மனது பண்ணி. ஒரு சொட்டும் கிடைக்கவில்லை.

ஜீப் டாங்கில் அடியில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருந்தது. அதை அவர் தொடவில்லை. காலையில் கடைக்கு நடந்து வந்தார், மாலையில் கடையை மூடிவிட்டு மலையைச் சுற்றி நடந்தே வீட்டுக்குப் போனார். தொப்பை கரைந்தது. பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டார்கள். சகுந்தலா அக்கா தினமும் விளக்கேற்றி, "அந்தக் கப்பல்காரங்க இன்னும் கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும் சாமி" என்று வேண்டிக்கொண்டார்.

அந்த மிச்சப் பெட்ரோல் எதற்கு என்று கேட்டேன். "கவிதாவ பொண்ணு பாக்க வராங்க. முன்னால ஜீப் போவணும்பா, பின்னால அவங்க வரணும். அது ஒரு மரியாதை" என்றார். அப்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கவிதா கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடப் படித்த தினேஷைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். தினேஷுக்குச் சென்னையில் வேலை, சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அப்பா இல்லை. அம்மா அம்சவேணி ஒண்டியாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையைப் பார்த்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். நல்ல மனுஷி. ஆனால் நேரம் காலம் பார்ப்பதில் பஞ்சாங்கமே அவரிடம் சந்தேகம் கேட்கும். இதற்கு முன் உறவில் ஒரு இடத்துக்குப் போகும்போது வழியில் காலிக் குடம் எதிரே வந்தது என்று பாதியில் திரும்பிவிட்டார். ஒருமுறை திரும்பினால் திரும்பியதுதான், அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க மாட்டார். பிள்ளையும் அம்மா பேச்சைத் தாண்ட மாட்டான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ராகு காலம் ஆரம்பிக்கும் முன்பு அந்த அம்மாளை வேங்கிக்கால் வீட்டுக்குள் கால் வைக்கச் செய்ய வேண்டும். தவறினால் கவிதாவுக்குத் தினேஷ் இல்லை.

"அவங்கள நேரா கூட்டிட்டு வந்துடுங்க" என்று அக்கா அவரிடம் படித்துப் படித்துச் சொன்னார். நேராக என்பதற்கு லிட்டரின் அகராதியில் என்ன அர்த்தம் என்று அக்கா மறந்துவிட்டார்.

தேரடியில் அம்மாவும் பிள்ளையும் கோபுரத்துக்கு எதிரே சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு நின்றிருந்தார்கள். ராகு காலத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வழித்துணைக்கு நானும் ஜீப்பில் போயிருந்தேன். தினேஷின் காரைப் பார்த்ததும் லிட்டரின் முகம் சுருங்கியது. அது எலெக்ட்ரிக் கார்.

"இது வண்டி இல்லப்பா" என்றார் என் காதில். "போனுக்குச் சக்கரம் வச்சிருக்கான்."

தினேஷ் பவ்யமாகச் சொன்னான். "சென்னைலேர்ந்து வந்தது அங்கிள். ஊர்ல காலைலேர்ந்து கரன்ட் இல்ல, சார்ஜ் போட முடியல. ஆறு பர்சென்ட்தான் இருக்குது. உங்க வீட்ல போட்டுக்கலாம்னு."

"தாராளமா. பின்னாலயே வாங்க."

ஜீப் தெற்கே திரும்பியது. நான் அவர் கையைப் பிடித்தேன். "சார், இன்னைக்கு ஒரு நாள். சாமி கோவிச்சுக்காது." அவர் கியரை மாற்றினார். பின்னாலிருந்து தினேஷ் போன் செய்தான், நான் எடுத்து அவர் காதில் வைத்தேன்.

"அங்கிள், மேப் அந்தப் பக்கம் காட்டுதே."

"மேப்புக்கு ரோடுதான் தெரியும் தம்பி. மலை தெரியாது. கல்யாணப் பேச்சு பேசப் போறோம், மலைக்கு இடது தோளையா காட்டுவாங்க?"

அடி அண்ணாமலை தாண்டும்போது கண்ணாடியில் காரைக் காணவில்லை. இறங்கிப் பார்த்தோம். ஒரு புளியமரத்தடியில், சத்தமே இல்லாமல், அது செத்துப்போயிருந்தது. ஓடும்போதும் அதற்குச் சத்தம் இல்லை என்பதால், உள்ளே இருந்த அம்சவேணி அம்மாளுக்கு வண்டி நின்றதே கொஞ்ச நேரம் தெரியவில்லையாம்.

லிட்டரின் முகத்தில் தோன்றிய சந்தோஷத்தை நான் இங்கே எழுதக் கூடாது. "பெட்ரோல் பெட்ரோல்தான் தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஜீப்பைக் கொண்டுவந்து காரின் முன் நிறுத்தி, தாம்புக் கயிற்றை எடுத்தார். காரில் கயிறு கட்டும் கொக்கி எங்கே இருக்கிறது என்று தினேஷுக்குத் தெரியவில்லை. போனில் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தான். அது கழன்று தனியாக எங்கோ ஒரு டப்பாவுக்குள் இருந்தது. டப்பா எங்கே என்பதற்கு இன்னொரு வீடியோ. இதற்குள் அம்சவேணி அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காரை விட்டு இறங்கினார்.

"போதும்ங்க. ராகு காலம் வந்துடுச்சு."

தினேஷ் வீடியோவை நிறுத்தினான். அந்த அம்மாள் லிட்டர் பக்கம் திரும்பினார்.

"நான் உங்க மேல குத்தம் சொல்லலிங்க. நேரம் கூடி வரல. எங்கள ஜீப்புல பஸ் ஸ்டாண்டுல வுட்ருங்க, ஊருக்குப் போறோம். வண்டிய நாளைக்கு அவன் வந்து எடுத்துக்குவான்."

தினேஷ், "அம்மா" என்றான். நான் லிட்டரைப் பார்த்தேன். வெயிலில் வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் தான் செய்த காரியத்தின் கனம் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அவர் ஜீப்பின் பானெட்டைத் திறந்தார், எதையோ பார்த்தார், மூடினார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஜீப் இருமியது. மறுபடி திருப்பினார். மறுபடி இருமியது. இறங்கிப் போய் டாங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"பெட்ரோல் தீந்துடுச்சுங்க."

எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "லிட்டருக்கே பெட்ரோல் இல்லயா? ஊர்ல போய்ச் சொன்னா நம்ப மாட்டானுங்கயா." நடுரோட்டில் வண்டி நின்று லிட்டரை யாரும் பார்த்ததில்லை. வண்டி நிற்கிறவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்காதவர் அவர்.

ஆட்டோ இல்லை. பஸ் இல்லை. அம்சவேணி அம்மாளுக்கு மூட்டுவலி, நடக்க முடியாது. அவர் ராகு காலத்தில் முன்னாலும் போக மாட்டார், பெட்ரோலும் கரன்டும் இல்லாமல் பின்னாலும் போக முடியாது. இளநீர்க்காரர் ஒரு ஸ்டூல் கொடுத்தார். அந்த அம்மாள் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ரகசியமாக அக்காவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் கவிதாவே வந்துவிட்டாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, தன் பழைய சைக்கிள், ஹேண்டில்பாரில் பஜ்ஜியும் கேசரியும் வைத்த தூக்கு. வேங்கிக்காலிலிருந்து நேராக, மலையை இடது பக்கம் விட்டு வந்திருந்தாள். லிட்டர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அம்சவேணி அம்மாள் சைக்கிள் மணி கேட்டதுமே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டார். "கண்ணு, அங்கயே நில்லு. முன்னால வந்துடாத. ராகு காலத்துல உன் மூஞ்சிய நான் பாக்கக் கூடாது."

"சரிங்க அத்த" என்றாள் கவிதா. "பஜ்ஜி ஆறிடும். கைய மட்டும் பின்னால நீட்டுங்க."

கை பின்னால் நீண்டது. பஜ்ஜி போனது. இன்னொன்று கேட்டு வந்தது. அந்த அம்மாள் ரோட்டோரக் கொல்லையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், கவிதா அவர் முதுகைப் பார்த்து நிற்கிறாள், லிட்டர் மலையைப் பார்த்து நிற்கிறார், தினேஷ் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் செத்த காரைப் பார்த்து நிற்கிறான். வாழைக்காயை எப்படி இவ்வளவு மெல்லிசாகச் சீவினாய் என்று முதுகு கேட்டது. கவிதா சொன்னாள். இந்த வருஷம் மல்லாட்டைக்கு மழை காணாது என்று முதுகு அலுத்துக்கொண்டது. கொல்லை எந்த மண், எத்தனை கிணறு என்று கவிதா விசாரித்தாள். மூட்டுவலிக்கு என்ன தைலம் என்பதில் ஆரம்பித்து, புருஷன் போன பிறகு தனியாகக் கொல்லையில் நின்று அழுத கதை வரைக்கும் அந்த அம்மாள் சொல்லிவிட்டார். முகத்துக்கு நேரே இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. கவிதா இன்னொரு பஜ்ஜியை அந்தக் கையில் வைத்தாள். நான் கேசரியைத் தின்றுகொண்டிருந்தேன், யாராவது தின்ன வேண்டுமே.

ஆறு மணிக்கு ராகு காலம் முடிந்தது என்று தினேஷ்தான் சொன்னான். அந்த அம்மாள் முந்தானையை எடுத்துவிட்டுத் திரும்பினார். கவிதாவைப் பார்த்தார். வேர்வையில் பவுடரெல்லாம் வழிந்து அவள் பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தாள்.

"பேச்ச கேட்டாச்சு. இனிமே மூஞ்சிய பாத்து இன்னா ஆவப்போவுது" என்றார் அம்சவேணி அம்மாள். "பூ வைக்கணும், கிட்ட வா."

ஊரில் எல்லோரும் இதை லிட்டரின் மானம் போன நாள் என்றுதான் சொல்வார்கள். கல்யாணப் பந்தலிலேயே, "பொண்ணு பாக்க வந்தவங்கள நடுரோட்ல நிறுத்துன மனுஷன்" என்று ஜாடை பேசினார்கள். மருமகன் ஒரு பெட்ரோல் கேனைப் பரிசாகக் கொடுத்துக் கேலி செய்தான். எல்லாவற்றுக்கும் லிட்டர் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் தெரியும். மறுநாள் காலை ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வர ஆள் வேண்டுமே என்று நான் அவரோடு அடி அண்ணாமலைக்குப் போனேன். அவர் பானெட்டைத் திறந்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஒயரை எடுத்து உள்ளே மாட்டினார், சாவியைத் திருப்பினார். ஜீப் ஒரே இழுப்பில் உயிர் பெற்றது.

"அப்ப பெட்ரோல் இருந்துச்சா சார்?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருந்துச்சுப்பா" என்றார். "அந்தம்மா ஏறிப் போயிட்டா, அப்புறம் எம்பொண்ணு?"

வீட்டருகே வந்ததும், "யார்கிட்டயும் சொல்லாதப்பா. கவிதாகிட்ட கூட" என்றார். நான் சத்தியம் செய்தேன்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். சத்தியத்தை இப்படி அச்சிலேயே உடைத்துவிட்டேன். லிட்டர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை, அதனால் எனக்குப் பயமில்லை. கவிதா படிப்பாள். அவள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.